உள்ளத்தின் ஊசலாட்டமும் விரலின் பழக்கமும்

மனநோய்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம்மவர் சிலர் பெருமையோடு எடுத்துக்காட்டும் பழம்பெரும் நூல் ஒன்றுண்டு. அபூ ஸைத் அல்-பல்கீ (850-934) அவர்கள் அரபியில் இயற்றிய ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்பதே அந்நூல். உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் பயப்பவை என்பது அப்பெயரின் பொருள். இஸ்தான்புல் நூலகமொன்றில் கையெழுத்துப் படியாக உறங்கிக் கிடந்த இது, 1984இல் ஃபிராங்ஃபர்ட் நகரில் படப்பதிப்பாக வெளிவந்தது. இதன் உளவியற் பகுதியை ஸூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரீ ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டார். அதன்பின், மேனாட்டார் இன்று கண்டு சொல்லும் மனநோய் அனைத்தையும் நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சொல்லிவிட்டனர் எனும் கூற்று வலுப்பெற்றுவிட்டது. இக்கூற்றை ஒரு நோயைக் கொண்டு உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் நூலின் சிறப்பைக் கூறிவிடுதல் முறை. அல்-பல்கீ அவர்கள் உடலுக்கு ஒரு பகுதியும் உள்ளத்துக்கு ஒரு பகுதியுமாக நூலை வகுத்தார்கள். உள்ளம் பற்றிய பகுதி எட்டு இயல்களாக விரிகின்றது. சினம், அச்சம், துயரம் ஆகியவற்றுக்குத் தனித்தனி இயல் உண்டு. இறுதி இயல் வஸ்வாஸ் எனப்படும் உள்ளத்தின் ஊசலாட்டத்தைப் பற்றியது. உடல் நோயுறுவது போலவே உள்ளமும் நோயுறும் என்பது அவர்களின் அடிப்படை. உடல் நலத்தோடிருக்கும் நாளிலேயே மருந்தைச் சேமித்து வைப்பது போல, மனம் அமைதியுற்றிருக்கும் வேளையில் நல்லெண்ணங்களைச் சேமித்து வைத்துக்கொள்க என்று அவர்கள் அறிவுறுத்துகிறார்கள். வஸ்வாஸால் வருந்துவோர் தனிமையைத் தவிர்த்து மக்களோடு கூடியிருக்கவும், பணிகளில் ஈடுபடவும் வேண்டும் என்கிறார்கள். நோயாளியைப் பழிக்காமல், அவன் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் நடை இந்நூலின் தனிச்சிறப்பாகும்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட நோய்க்கு வருவோம். தன் தோலைத் தானே நோண்டிப் புண்ணாக்கும் பழக்கம் சிலரைப் பற்றிக்கொள்கிறது. பருவைக் கிள்ளுவர், ஆறிவரும் புண்ணின் பொருக்கைப் பிய்ப்பர், கட்டைவிரலின் ஓரத்தோலை இரத்தம் கசியும்வரை உரிப்பர். நிறுத்த விரும்புவர், நிறுத்த இயலாது தவிப்பர். இங்கிலாந்தின் தோல் மருத்துவர் எராஸ்மஸ் வில்சன் 1875இல் இதனை ஒரு நோயாக எழுதினார். பிரான்ஸின் புரோக் என்பார், பருக்களைக் கிள்ளிப் புண்ணாக்கும் இளம்பெண்களைப் பற்றி 1898இல் எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனியிடம் தந்தது 2013இல்தான். நூற்றுக்கு ஒருவருக்கேனும் இது இருக்கலாம் என்பதும், அவர்களுள் பெண்களே பெரும்பாலோர் என்பதும் மருத்துவர் கணிப்பு. அவ்வாறாயின் நம் மஹல்லா ஒவ்வொன்றிலும் இத்தகையோர் சிலர் இருத்தல் கூடும். கோடையிலும் முழுக்கை அணிவோர், ஹவுளில் பிறர் பார்வை படாத மூலை தேடி ஒளுச் செய்வோர், மருதாணியிட அழைத்தால் ஏதேனும் காரணம் கூறி நழுவுவோர் ஆகியோருள் இவர்களும் இருக்கலாம்.

அல்-பல்கீ அவர்களின் எட்டாம் இயல் இவர்களுக்கு உரியதுதானா? உரியது என்று சொல்லிவிட ஆசை எழுகின்றது; ஆயினும் நூல் அதற்கு இடந்தரவில்லை. வஸ்வாஸ் என்பது உள்ளத்தில் ஓயாது முணுமுணுக்கும் எண்ணம். எண்ணம் முன்வந்து அச்சுறுத்தும். மனிதன் அதனோடு போராடுவான். தோலை நோண்டுவோரிடம் பலவேளை எண்ணமே முன்வருவதில்லை. கிதாபை ஓதிக்கொண்டிருக்கையில் விரல் தானாக ஊர்ந்து, தோலில் ஒரு மேட்டைக் கண்டு, அதனை நீக்கியும் விடுகின்றது. இரத்தத்தைக் கண்ட பின்னரே உணர்வு வருகிறது. வேறு சில வேளைகளில் கண்ணாடிமுன் நின்று, கவனத்தோடே செய்வதும் உண்டு. அப்போதும் அவர்களை உந்துவது பெரும்பாலும் ஒருவகை இறுக்கம். பிய்த்ததும் இறுக்கம் தளர்கின்றது. அடுத்த கணமே நாணம் சூழ்கின்றது. மேற்கூறிய நோய்ப் பட்டியலும் இவ்விரு நோய்களையும் ஒரே குடும்பத்தில் வைத்தபோதிலும் தனித்தனிப் பெயர் தந்தே பிரித்திருக்கின்றது. தனிமையைத் தவிர்க்கச் சொல்லும் அறிவுரை மட்டும் இங்கு ஓரளவு பொருந்தும். ஏனெனில் இப்பழக்கம் பெரும்பாலும் தனிமையிலேயே தலைதூக்குகிறது.

நூலைப் பொருந்தாத இடத்தில் பொருத்தினால் என்ன கேடு என்று கேட்கலாம். கேடு உண்டு. விரல் செய்வதை வஸ்வாஸ் என்றும், வஸ்வாஸை ஷைத்தானின் வேலை என்றும் கூறி, ‘அஊது ஓது, போய்விடும்’ என்று ஒரு பெண்பிள்ளையிடம் சொல்லிவிடுகிறோம். பாதுகாவல் தேடி ஓதுவது எந்நிலையிலும் நன்று, அதில் ஐயமில்லை. ஆனால் அவள் ஓதிய பின்னரும் விரல் தோலைத் தேடிச் செல்லும்போது, தன் ஈமானிலேயே பழுதுள்ளது என்று அவள் முடிவு கட்டுகிறாள். புண் பட்டது தோலில். நாம் அதனைக் கல்புக்குள்ளும் இறக்கிவிடுகிறோம்.

இந்நோய்க்கு நெருக்கமான பக்கங்கள் வேறோரிடத்தில் இருக்கின்றன. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) (1058-1111) அவர்களின் ‘இஹ்யா உலூமுத்தீன்’ நூலில் நப்ஸைப் பயிற்றுவித்தல் பற்றிய பகுதியே அது. அழகிய எழுத்தாளனாக விரும்புபவன் தேர்ந்த எழுத்தாளனைப் பார்த்துக் கையால் எழுதி எழுதிப் பழகுகிறான். முதலில் வருந்திச் செய்தது பின்னர் இயல்பாகின்றது என்று இமாமவர்கள் காட்டுகிறார்கள். கை உள்ளத்தைப் பழக்கும். உள்ளம் கையைப் பழக்கும். மற்றோர் உவமை இன்னும் துணிவானது. ஒரு தீய குணத்தை ஒரே மூச்சில் விட இயலாதவனை அதைவிட இலேசான வேறொன்றுக்கு மாற்றுக. தண்ணீரால் மட்டும் போகாத இரத்தக் கறையைச் சிறுநீரால் கழுவிப் பின் அச்சிறுநீரைத் தண்ணீரால் கழுவுவது போல என்கிறார்கள். சிறுவனைப் பந்தாட்டத்தைக் காட்டிப் பள்ளிக்கு ஈர்ப்பதையும் இதற்குச் சான்றாக்குகிறார்கள்.

1973இல் அஸ்ரின், நன் எனும் அமெரிக்க உளவியலார் இருவர் ஒரு பயிற்சியை வெளியிட்டனர். எப்போது, எங்கே, எந்நிலையில் கை செல்கின்றது என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். கை எழும் அக்கணத்தில் அச்செயலோடு சேர்ந்து நடக்கவியலாத வேறொன்றை, காட்டாக விரல்களை மடக்கிக் கையை இறுக மூடுதலை, உந்துதல் தணியும்வரை செய்ய வேண்டும். தோல் நோண்டும் நோய்க்கு இன்றும் மருத்துவர்கள் முதன்மையாகக் கையாளும் வழிகளுள் இது ஒன்று. இமாமவர்களின் மாற்றுமுறைக்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படை. ஆயினும், இதையும் நாமே முதலில் கண்டோம் என்று பறைசாற்றுவது பயனற்றது. அந்தப் பக்கங்களை நாம் பயன்படுத்தினோமா என்பதே கேள்வி.

இஹ்யாவிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இமாமவர்கள் பேசுவது பெருமை, சினம், பேராசை போன்ற இழிகுணங்களைப் பற்றி. தோலை நோண்டுவது இழிகுணமன்று. எனவே அங்கிருந்து முறையை எடுக்கலாம். கண்டிப்பை எடுத்தல் ஆகாது. அல்-பல்கீ அவர்களிடமோ முறை முழுதும் கிட்டாது. பழிக்காத அந்தப் பரிவு கிட்டும். இவரிடம் பரிவையும் அவரிடம் பயிற்சியையும் பெறுவதே இவ்விரு நூல்களையும் ஒருங்கே கற்பவன் அடையும் பயன் என்க.

இதனைக் குடும்பங்களில் செயற்படுத்துவது எவ்வாறு? ‘கையை எடு’ என்று நாளைக்கு இருபது முறை அதட்டும் உம்மாவும், விருந்தினர் முன்னிலையில் பிள்ளையின் முகத்தைச் சுட்டும் வாப்பாவும் இறுக்கத்தையே கூட்டுகின்றனர். இறுக்கம் கையைத் தோலுக்கே திருப்பி அனுப்புகின்றது. நகத்தை ஒட்ட நறுக்குவது சுன்னத்துமாகும், இதற்கு உதவியுமாகும். புண்ணின் மீது ஒட்டும் பிளாஸ்திரி, கைக்கு ஒரு தஸ்பீஹ் மணி, கண்ணாடிமுன் நிற்கும் நேரத்தைக் குறைத்தல் ஆகியனவும் துணைபுரியும். ‘இனித் தொடமாட்டேன்’ என்று அல்லாஹ்வின் மீது ஆணையிடச் செய்வது மட்டும் வேண்டா. ஆணை முறிந்தால் பத்து ஏழைகளுக்கு உணவு முதலிய பரிகாரமும், அதற்கு வசதியற்றார்க்கு மூன்று நோன்பும் கடமையாகும். புண்ணோடு போராடுபவர் மீது இச்சுமை எதற்கு? இருபது நாள் தவிர்த்து இருபத்தோராம் நாள் வழுவினால், அந்த இருபது நாளும் வீணாகா. எழுதப் பழகுபவன் ஓர் எழுத்துக் கோணியதற்காகப் பலகையை உடைப்பதில்லை. சீழ் பிடித்த புண்ணுக்குத் தோல் மருத்துவரையும், அடங்காத உந்துதலுக்கு மனநல மருத்துவரையும் நாடுதல் தவக்குலுக்கு முரணாகாது. புண்ணில் தண்ணீர் படுவது தீங்காயின் அதற்கான சலுகை ஃபிக்ஹு நூல்களில் உண்டு. ஆலிமிடம் கூச்சமின்றிக் கேட்கலாம்.

முன்னோர் நூல்களைப் போற்றுவதென்பது அவர்கள் சொல்லாததையும் சொன்னார்கள் என்று கூறுவதன்று. சொன்னதைச் சொன்ன இடத்தில் வைத்துப் படித்தால், அவை இன்றும் ஒரு பிள்ளையின் கைக்கு ஆறுதலாகும். முழுக்கைக்குள் தன் புண்ணை மறைத்து நடக்கும் ஒவ்வொருவருக்கும் வல்ல நாயன் ஷிஃபாவை அருள்வானாக! அவர்களைச் சூழ்ந்திருப்போர்க்கு மென்மையை அருள்வானாக! ஆமீன்.