கெழு நிற்கும் இடம்

எழுபதை நெருங்கும் வயதில், 1885-இல், வையர்ஸ்ட்ராஸ் ஒரு தேற்றத்தை நிறுவினார். மூடிய இடைவெளியில் தொடர்ச்சியாக ஓடும் எந்தச் சார்பையும் பல்லுறுப்புக் கோவைகளால் வேண்டிய அளவு நெருங்கிவிடலாம். மெய்யெண்களின் தாராளம் அது. கலப்பெண்களிடம் அது செல்லாது. ஓர் எண்ணை அதன் இணையெண்ணாக மாற்றும் எளிய சார்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அலகு வட்டத்தில் எத்தனை உயர்ந்த படிக் கோவையை நிறுத்தினாலும் எங்காவது ஓரிடத்தில் பிழை 1-க்குக் குறையாது. வெறும் பூஜ்யத்தை நிறுத்தினாலும் அதே பிழைதான்!

ஒரு மெய்ப்பகுதியும் மூன்று கற்பனை அலகுகளும் கொண்ட குவாட்டர்னியன்களுக்கு வந்தால் கதை திரும்புகிறது. 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் ராயல் கால்வாய் ஓரம் நடந்தபோது ஹாமில்டனுக்குத் தோன்றிய இந்த எண்களில், பெருக்கும் வரிசை மாறினால் விடை மாறும். குறையாகப் படும் இதுவே இங்கே கைகொடுக்கிறது. எண்ணை எழுதுங்கள், மூன்று கற்பனை அலகுகளையும் ஒவ்வொன்றாக அதன் இருபுறமும் வைத்துப் பெருக்குங்கள், கிடைத்த நான்கையும் கூட்டி −2 ஆல் வகுங்கள். இணையெண் வந்து நிற்கும். கலப்பெண் கோவைகளுக்கு எட்டாதது இங்கே முதற்படிக் கோவை! நான்கு ஆயங்களும் இப்படியே கிடைப்பதால், மூடிய வரம்புள்ள கணத்தின்மேல் தொடர்ச்சியான எல்லாச் சார்புகளும் வசப்படும்.

ஆனால் எல்லாம் வசப்பட்டால் ருசி போய்விடுகிறது. கோவையின் கெழுக்களை மாறியின் வலப்பக்கம் மட்டுமே அனுமதித்தால்தான் ஆட்டம் சூடுபிடிக்கும். கலப்பெண்களின் பகுமுறைச் சார்புகளுக்கு இணையாக 1930-களில் ஃபூயெட்டர் வகுத்த வரையறையில் எண்ணின் வர்க்கம்கூடத் தேறாது; தோராயத்துக்கு வேறு கோவைகளைச் சமைக்க வேண்டும். ஜென்டிலியும் ஸ்ட்ருப்பாவும் 2006-இல் முன்வைத்த வரையறையில் வலக்கெழுக் கோவைகள் இயல்பாகவே அமர்கின்றன. மெய்யச்சை முதுகாகக் கொண்டு எண்ணற்ற ஏடுகள் விரிந்த புத்தகம்போல அவர்கள் குவாட்டர்னியன் வெளியைப் பார்த்தார்கள். முதுகு வழியே போகும் ஒவ்வொரு தளமும் ஒரு கலப்பெண் தளம்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் பிறகு வருவது. ஒரே ஒரு தளத்தில் இந்த வரையறைக்கு உட்பட்ட சார்பு தெரிந்தால் மற்ற எல்லாத் தளங்களிலும் அது தெரிந்துவிடும். ஆகவே அந்த ஒரு தளத்தில் கோவையைப் பொருத்தினால் போதும். மற்ற இடங்களில் பிழை இரண்டு மடங்கைத் தாண்டாது. இத்தனை பரப்பை அளக்க 2 என்ற எண் போதுமாக இருக்கிறதே!

காலும் சபாடினியும் 2019-இல் வெளியிட்ட நூலில் இந்தத் தோராயங்கள் விரிவாக உள்ளன. பல பக்கங்கள் பழைய கலப்பெண் தேற்றங்களுக்குப் புதுச்சட்டை போட்டவைதான், பொறுமை வேண்டும். ஹார்டி வெளி என்ற சார்புவெளியில் சார்பின் அடுக்குத் தொடரை வெட்டினாலே கோவை கிடைத்துவிடும். பெர்க்மன் வெளிகளில் வழக்கமான உத்தி வேறு. மாறியை 1-க்குச் சற்றுக் குறைவான எண்ணால் சுருக்கினால், சார்பு அலகுக் கோளத்தைத் தாண்டியும் நீளும், தொடர் சீராக ஒருங்கும், பிறகு வெட்டலாம். சுருக்கும் எண் மெய்யெண் என்பதால் எந்தக் கெழுவோடும் இடம் மாற்றிக்கொள்ளும். அந்த இடத்தில் ஒரு குவாட்டர்னியனை வைத்தால், அது மாறிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, வலப்பக்க விதியையே உடைத்துவிடும்.