தப்பைச் சொன்னால் பரிசு உண்டா?

நோணாங்குப்பம் படகுத்துறையில் ஒரு கம்பெனி பிக்னிக். வருஷம் முழுக்க ஒரு போலி மெயிலைக்கூட கிளிக் செய்யாத ஊழியர் என்று ஒருவருக்குக் கைதட்டி கிஃப்ட் வவுச்சர் கொடுத்தார்கள். சுண்ணாம்பாற்றுப் படகுக்குக் காத்திருக்கும்போது அவரே என் காதில் சொன்னார்: "ஒரு தடவை கிளிக் பண்ணிட்டேன் சார். வெளியில சொன்னா பரிசு போயிடுமே!"

கோளாறு இங்கேதான். தப்பு செய்யாதவருக்குப் பரிசு என்று அறிவித்தால், தப்பை மறைப்பவரும் அதைத் தட்டிக்கொண்டு போவார்.

சரி, மிரட்டினால்? 2020 டிசம்பரில் அமெரிக்காவின் 'கோடாடி' கம்பெனி, 650 டாலர் போனஸ் என்று ஊழியர்களுக்கு மெயில் அனுப்பியது. ஆசையாகக் கிளிக் செய்த சுமார் 500 பேருக்கு, 'இது சோதனை, நீங்கள் ஃபெயில், மறுபடி பயிற்சிக்கு வாருங்கள்' என்று பதில்! ஊரே திட்டியதும் மன்னிப்புக் கேட்டார்கள்.

நம்ம பக்கம் வாருங்கள். 2018 பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் 'ஸ்விஃப்ட்' வழியாக மூன்று திருட்டுப் பரிமாற்றங்கள். மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர். கண்டுபிடித்துக் கொடுத்தது, பி.காம் மாணவனும் அறிந்த பழைய வேலை: கணக்கை ஒத்துப்பார்ப்பது. அதில் 5 லட்சம் டாலர் நியூயார்க்கிலேயே தடுக்கப்பட்டது.

திருட்டில் ஒவ்வொரு நிமிஷமும் காசு. உங்கள் ஆபீசில் பரிசு கொடுப்பதென்றால், "சார், தப்பா கிளிக் பண்ணிட்டேன்" என்று பத்து நிமிஷத்துக்குள் ஓடி வருபவருக்குக் கொடுங்கள். நம் படகுத்துறை நண்பரும் சொன்னார்தான். என்ன, ஐ.டி. டிபார்ட்மென்ட்டுக்குப் பதிலாக என்னிடம் சொன்னார்!