ஆழாக்கின் அழகு

தருமபுரிப் பக்கத்து அடுப்படிகளில் கேழ்வரகுக் களியின் கணக்கு ஒரே வரிதான்: மாவு ஒன்று, தண்ணீர் இரண்டு. ஆழாக்கோ டம்ளரோ, இரண்டையும் ஒரே பாத்திரத்தால் அளந்தால் போதும். பாத்திரம் மாறினாலும் விகிதம் மாறாது.

பழைய முகத்தல் வாய்ப்பாடும் இப்படி எளிமையானதுதான். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. பாதியாக்கவும் இரட்டிக்கவும் தெரிந்தால் நாலு பேருக்கும் சமைக்கலாம், நாற்பது பேருக்கும் சமைக்கலாம்.

1956-ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் அளவைக் கொண்டுவந்தது. இப்போது கடைக்கணக்கு கிலோதான்: 2023-இல் தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. கடையில் எடையாக வருவது, வீட்டில் கொள்ளளவாக மாறுகிறது. அதே பாத்திரத்தில் மாவை அழுத்தி அளந்தால் எடை கூடும், சலித்து அளந்தால் குறையும். அதனால்தான் தலைதட்டி அளக்கும் அந்த உள்ளங்கை எனக்கு அத்தனை பிடிக்கும்.

கடைசி அளவுகோலும் கைதான். துடுப்பால் கிளறிய களியை ஈரக்கையால் தொட வேண்டும்; ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது.