விருந்தாளி எழுதிய வீடு

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு முடிந்ததும் தொழிற்பயிற்சிக்கு எனக்குக் கிளந்தான் விழுந்தது. 12 வாரம். கோத்தா பாருவில் அறை தேடி அலைந்து, கடைசியில் ஒரு மலாய்க் குடும்பத்தின் வீட்டில் பின்பக்க அறை கிடைத்தது. எஸ்பிஎம்மில் மலாய்ப் பாடத்துக்கு ஏ வாங்கியவன் நான். முதல் நாள் ராத்திரி சாப்பாட்டில் அவர்கள் பேசிக்கொண்டதில் பாதிகூடப் புரியவில்லை. அங்கே 'நான்' என்பது 'சாயா' இல்லை, 'காவே'. பணிவாகச் சொன்னால் 'ஆம்போ'. 'நீ' என்பது 'டெமோ'. பேசுவதே 'கெச்செக்'. வீட்டம்மாவை எல்லாரும் 'மொக்' என்றார்கள், அம்மா என்று அர்த்தம். நானும் மொக் என்றேன்.

மூன்றாவது வாரம் அவர் என்னைத் திட்டினார். ஈரத் துணியைக் கட்டில்மேல் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு அந்த மொழி திறந்தது என்று நினைக்கிறேன். விருந்தாளியிடம் யாரும் முழு வேகத்தில் பேசமாட்டார்கள். நிறுத்தி, எளிமையாக்கி, பள்ளிக்கூட மலாயில் பேசுவார்கள். திட்டும்போது மட்டும்தான் மொழி அதன் சொந்த வேகத்தில் வரும்.

இதையெல்லாம் மறந்தே போயிருந்தேன். மழைக்கு மண் சரிந்து சாலை மூடிக்கிடந்த ஒரு வாரத்தில், திரிங்காப் வீட்டில் உட்கார்ந்து மார்கரெட் ட்ராவிக்கின் 'நோட்ஸ் ஆன் லவ் இன் எ தமிழ் ஃபேமிலி' படித்தபோது எல்லாம் திரும்பி வந்தது. 1990இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட புத்தகம். மானிடவியல் மாணவர்களுக்கு அது பாடநூல். எனக்கு அது, ஒரு வெள்ளைக்காரப் பெண் தமிழ் படிக்க வந்து ஒரு வீட்டில் மாட்டிக்கொண்ட கதை.

மாட்டிக்கொண்ட என்றுதான் சொல்லவேண்டும். சிகாகோ பல்கலைக்கழக மாணவியாக 1970களில் தமிழகம் வந்தவர் அவர். மாணிக்கவாசகரின் திருக்கோவையாரை ஒரு புலவரிடம் கேட்கப் போனார். கோவையார் 400 பாட்டு, காதலன் காதலி கதைபோல ஓடும், உள்ளே சிவன் இருப்பார். பாடம் சொன்னவரை 'ஐயா' என்று அழைக்கிறார். பாட்டுக்கு உரை கேட்கப் போனவருக்கு ஐயாவின் வீடே உரையாகிவிட்டது. யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள், குழந்தையை யார் தூக்குகிறார்கள், யார் யாருக்குச் சோறு போடுகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார். இன்றைக்கு மதுரையில் அமெரிக்க இந்தியக் கல்வி நிறுவனம் தமிழ் வகுப்பு நடத்துகிறது. அங்கே வரும் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டம் உண்டு. ட்ராவிக்குக்கு இருந்தது ஓர் அடுப்படி.

புத்தகத்தின் உயிர் அன்பைப் பற்றிய அத்தியாயத்தில் இருக்கிறது. அந்த வீட்டில் அன்பு என்னென்ன வேடத்தில் வருகிறது என்று பிரித்துப் பார்க்கிறார்: அடக்கம், பழக்கம், கடுமை, அழுக்கு, பணிவு, அடிமை என்று போகிறது. ஆங்கில எழுத்தில் இருந்த இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகத் தமிழுக்குத் திருப்பிப் படிக்கவேண்டியிருந்தது. நம்ம வீட்டுச் சாமானை அடுத்தவர் வீட்டு அலமாரியில் பார்க்கிற மாதிரி ஒரு கூச்சம்.

அடக்கம் பற்றி எழுதியதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தாய் தன் பிள்ளையை, அதுவும் தூங்கும்போது, ஆசையாக உற்றுப் பார்க்கக்கூடாது, தாய்க் கண்ணே பட்டுவிடும் என்று நம்பும் வீடு அது. அன்பு பெரிசாக இருக்கிற இடத்தில் அதை மூடி வைக்கவேண்டும். எங்கள் அம்மா நான் இன்ஜினியர் ஆனதைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "என்னமோ படிச்சான், இன்னும் சட்டையை மடிக்கத் தெரியல."

பழக்கம் அதைவிட நல்ல பகுதி. காதல் ஒரு நொடியில் விழுவது என்று சினிமா சொல்லிக்கொடுத்திருக்கிறது. இந்த வீட்டில் அன்பு என்பது மெல்ல மெல்லப் பழகி, பிறகு விடமுடியாமல் போவது. மொழியும் அப்படித்தானே வருகிறது? ட்ராவிக் இதை வெளிப்படையாக இணைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் தமிழ் பழகியதும் அந்த மனிதர்களைப் பழகியதும் ஒரே வேலை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஜும்பா லாஹிரி 2012இல் ரோமுக்குக் குடிபோய் இத்தாலிய மொழியிலேயே எழுதிய 'இன் அல்த்ரே பரோலே' ஞாபகம் வந்தது. அழகான புத்தகம்தான். ஆனால் அதில் அவருக்கும் மொழிக்கும் நடுவில் ஈரத் துணிக்காகத் திட்டுகிற ஆள் யாரும் இல்லை. மொழியே காதலன், மொழியே வீடு. எனக்கு அது கொஞ்சம் காற்றாகத் தெரிந்தது.

அடிமை என்ற சொல்லில்தான் எனக்கும் ட்ராவிக்குக்கும் சண்டை. அன்பு வைத்தவர் அன்பு வைக்கப்பட்டவருக்கு அடிமை என்பது பக்தி மரபில் பழகிய பேச்சு. சைவ இலக்கியத்தில் ஊறிய ஐயா போன்றவருக்கு அந்தச் சொல் இனிக்கும். அவர் வாயிலிருந்து கேட்டு எழுதியவருக்கும் இனித்திருக்கிறது. எங்கள் மேட்டில் அது இனிக்காது. கேமரன் மலையில் தேயிலை 1929இல் போ தோட்டத்தோடு வந்தது. கங்காணி ஆள் பிடித்த காலம். 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை அப்படித்தான் ஆள் வந்தார்கள். முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்த கங்காணியே மேற்பார்வைக்காரனும். எங்கள் பாட்டி கொழுந்து எடுத்தவர். 'அடிமை மாதிரி' என்று அவர் சொன்னால் அதில் அன்பு ஒரு சொட்டும் இருக்காது. ஒரே தமிழ், ஒரே சொல். அதற்கு எந்த வீட்டில் அர்த்தம் கேட்கிறோம் என்பது முக்கியமில்லையா? மொழி கற்க ஒரு குடும்பத்தோடு தங்குபவருக்கு இருக்கும் பெரிய ஆபத்து இதுதான். அந்தக் குடும்பத்தின் அகராதியையே மொழியின் அகராதி என்று நம்பிவிடுவோம். கிளந்தானிலிருந்து திரும்பி நானும் ஒரு வருடம் 'மலாய்க்காரங்க இப்படித்தான்' என்று மொக் வீட்டை வைத்தே பேசித் திரிந்தேன்.

ட்ராவிக் இதை உணராதவர் இல்லை. தலைப்பிலேயே 'ஒரு தமிழ்க் குடும்பம்' என்றுதான் வைத்தார். தன் சார்பையும் தடுமாற்றத்தையும் ஒளிக்கவில்லை. அந்தக் காலத்து மானிடவியலில் அது துணிச்சல். 2017இல் வந்த அவருடைய இன்னொரு புத்தகம், 'டெத், பியூட்டி, ஸ்ட்ரகுல்', தலித் பெண்களின் பாட்டையும் பேச்சையும் பற்றியது. இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்வேன். முதல் புத்தகத்தை மட்டும் படித்தவர் ஒரு வீட்டோடு நின்றுவிடுகிறார்.

முறைப்பெண் முறைமாப்பிள்ளை பற்றிய அவருடைய வாதத்தை இங்கே விரிக்கவில்லை. நிறைவேறாத ஏக்கம்தான் அந்த வழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாக ஓட்டுகிறது என்கிறார். நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. எங்கள் சொந்தத்தில் இரண்டு கல்யாணங்களை நினைத்துக்கொண்டேன், பெயர் சொன்னால் உதை விழும்.

கிளந்தானில் கடைசி வாரம்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. மொக் எனக்கென்று ஒரு தனிச் சட்டி வைத்திருந்தார். மாட்டிறைச்சி சமைத்த சட்டி எதிலும் எனக்குக் குழம்பு வைத்ததே இல்லை. 12 வாரமும் அதைச் சொல்லவில்லை. பெரிய மகள் வாய்தவறிச் சொன்னபோது அவளுக்கும் திட்டு விழுந்தது. அடக்கம் என்ற பகுதியைப் படிக்கையில் நான் புத்தகத்தை மூடிவைத்தது அந்தச் சட்டி ஞாபகத்தில்தான். அப்படியானால் ட்ராவிக் தமிழன்பு என்று எழுதியதில் எவ்வளவு தமிழுக்கு மட்டும் உரியது? இந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் இடமில்லை. ஒரே வீட்டை அவ்வளவு கிட்டப் பார்த்தவருக்கு அடுத்த வீட்டைப் பார்க்க நேரம் இருந்திருக்காது.

போன வாரம் மொக்குக்கு ஃபோன் போட்டேன். உங்களைப் பற்றி ஒரு கட்டுரையில் எழுதுகிறேன், தமிழில், என்றேன். என்ன எழுதுறே என்று கேட்டார். சட்டியைப் பற்றி என்றேன், சிரித்தார். திட்டினதையும் என்றேன். அதை எடுத்துவிடு, அசிங்கமா இருக்கும் என்றார். எடுக்கவில்லை.