திதியும் சொத்தும்

முன்னோர் பாணியைக் கையாளும் கலைஞர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவன் திதி கொடுக்கிறான். மற்றவன் தாத்தாவின் சொத்தை எடுத்துத் தொழில் நடத்துகிறான். ஸ்ட்ரே காட்ஸ் என்ற மூவர் குழுவை எதில் சேர்ப்பது?

நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் 1979-ல் கூடிய பையன்கள் இவர்கள். அப்போது இருபதையொட்டிய வயது. 1950-களின் ராக் அண்ட் ரோல்தான் வேதம். தலைமயிர்கூட அந்தக் காலத்து மோஸ்தர். 1980-ல் லண்டனுக்குப் போய்ப் பேர் வாங்கினார்கள்; சொந்த தேசம் 1982-ல்தான் திரும்பிப் பார்த்தது.

வேஷம்தானே என்று தள்ளிவிடலாம். காது சம்மதிக்க வேண்டுமே! லீ ராக்கர் ஆளுயர வாத்தியத்தின் தந்தியை இழுத்துப் பலகையில் அறைகிறார். ஸ்லிம் ஜிம் ஃபாண்டம் நின்றபடியே, சொற்ப முரசுகளை வைத்துத் தாளம் போடுகிறார். மறைத்துக்கொள்ள இடமில்லாத சங்கீதம். பிசகினால் உடனே தெரிந்துவிடும்.

1981-ல் வந்த முதல் தட்டில் ‘ஸ்ட்ரே காட் ஸ்ட்ரட்’ என்றொரு பாட்டு. ப்ரையன் செட்சரின் கிதார் ராக் அண்ட் ரோலை விட்டு ஜாஸ் பக்கம் சோம்பலாக நடக்கிறது. பழைய மனிதர்களை நினைக்கவே தோன்றுவதில்லை. எதிரே நிற்பவர் செட்சர்தான்.

1989-ல் வந்த ‘ஜீன் அண்ட் எட்டி’யோ ஜீன் வின்சென்டுக்கும் எட்டி காக்ரனுக்கும் செய்த அஞ்சலி. பக்தி உண்மையானதுதான். ஆனால் கேட்கக் கேட்க, அந்த இருவரின் பழைய தட்டுகளைத் தேடி எடுக்கத்தான் கை போகிறது.

பெயரைச் சொல்லிப் பாடியது திதி. பெயரைச் சொல்லாமல் பாடியதுதான் வாரிசுரிமை. கதை எழுதுகிறவர்களும் இதை யோசிக்கலாம்.