சந்தோசமும் சம்பளமும்

சென்ற ஆண்டு பொதுப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தும் பணிக்காக ஹெவ்லொக் டவுனிலே சில நாட்கள் கூடவேண்டியிருந்தது. மதிய இடைவேளையில், ஹெவ்லொக் சிற்றி மாடிகள் கண்ணிற்படும் தூரத்திலுள்ள ஒரு சாப்பாட்டுக்கடைக்கு ஆசிரியர் மூவராகச் செல்வது நமது வழக்கமாயிற்று. ஒருநாள் பன்னிரண்டு மேசைகளுக்கும் ஒரே இளைஞன்தான் பரிமாறிக்கொண்டிருந்தான். சோறு வர இருபது நிமிடமாயிற்று. ரசம் கேட்ட இடத்துக்கு மோர் வந்தது. சீனி போடாத தேநீர் கேட்ட நண்பருக்குச் சீனி போட்ட தேநீர் வந்தது. பில்லும் மீதிக் காசும் வந்தபோது, நாள்தோறும் தட்டிலே விட்டுச் செல்லும் நூறு ரூபாத் தாளை நண்பர் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"படிக்கட்டும்" என்றார்.

இளைஞன் பார்த்தும் பாராதவன்போல எச்சிற் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கைகழுவுமிடத்தில் நாம் அவனிடம் பேச்சுக் கொடுத்தோம்.

"தம்பி, இன்றைக்கு எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தீர்?"

"காலையில அஞ்சு மணிக்கு, சேர். கூட இருந்தவன் பொகவந்தலாவைக்குப் போயிட்டான். மொதலாளி வேற ஆள் போடல."

"பில்லிலே சேவைக் கட்டணம் பத்து வீதம் என்று போட்டிருக்கிறதே, அது உமக்கு வருகிறதா?"

அவன் பணப்பெட்டி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தான். "குடிக்கத் தண்ணி வேணுமா, சேர்?" என்று கேட்டான்.

நண்பர் நல்லவர், தொழிற்சங்கச் சந்தாவைத் தவறாமற் கட்டுபவர். அவரைக் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. அவர் செய்ததை நாமும் பலமுறை செய்திருக்கிறோம். அந்த ஒரு சொல்லிலே, "படிக்கட்டும்" என்ற சொல்லிலே, அடங்கியிருக்கும் சமுதாயப் பார்வையை ஆராய்வதே நம் நோக்கம்.

காலை முழுவதும் புள்ளி வழங்கியும் வெட்டியும் பழகிய கை, மதியத்திலும் ஒரு புள்ளியை வெட்டிற்று. ஆனால் விடைத்தாளுக்குப் புள்ளித் திட்டம் உண்டு. திருத்துபவரைத் திருத்துவதற்குப் பிரதம பரீட்சகர் உண்டு. மாணவன் மீள்பரிசீலனை கோரலாம். சாப்பாட்டு மேசையிலே இவற்றில் ஒன்றேனும் உண்டா? பசித்திருப்பவனின் அந்நேரத்து மனநிலையே திட்டம். அவன் தீர்ப்பே முடிந்த தீர்ப்பு. தண்டமோ ஓர் உழைப்பாளியின் பஸ் காசிலிருந்து அறவிடப்படுகிறது. பிரம்பு எந்தப் பாடத்தையும் படிப்பித்ததில்லை என்று வகுப்பறையிலே வாதாடும் நாம், சாப்பாட்டுக்கடையிலே நூறு ரூபாத் தாளைப் பிரம்பாக ஓங்குகிறோம்.

இக்கொடைக்கு நாம் இட்டிருக்கும் பெயர்களையும் நோக்குதல் வேண்டும். ஈழத்தில் இதனைச் 'சந்தோசம்' என்கிறோம். சிங்கள மக்களும் இதே சொல்லை வழங்குகின்றனர். தமிழகத்தில் 'இனாம்' என்றார்கள். இன்று இரு கரையிலும் 'டிப்ஸ்' என்பதே பெருவழக்கு. 'இனாம்' மேலிருப்பவன் கீழிருப்பவனுக்கு இடுவது. 'சந்தோசம்' கொடுப்பவனின் உள்ளநிலையைக் குறிப்பது. கந்தோரிலே காரியம் முடிப்பதற்காகக் கைக்குள் வைக்கும் காசுக்கும் இதே பெயர் வழங்குவது மனங்கொள்ளத்தக்கது. கூலி, ஊதியம், சம்பளம் என்னும் சொற்களைக் கேட்டவுடனே அவற்றின் பின்னே உழைப்பு நிற்பது தெரிகிறது. சந்தோசம் என்ற சொல்லிலே உழைப்பு மறைந்து, உண்டவனின் மனநிறைவு மட்டுமே மிஞ்சுகிறது. அவனுக்கு மகிழ்ச்சியில்லையென்றால் கொடுக்கவேண்டியதுமில்லை என்ற முடிவு அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பழந்தமிழரிடையே பரிசில் என்ற கொடை இருந்தது. புறநானூற்றின் 208ஆம் பாட்டை நாம் பல்கலைக்கழகத்திலே படித்திருக்கிறோம். வகுப்பிலே சொல்லியும் கொடுத்திருக்கிறோம். பெருஞ்சித்திரனார் மலைபல கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியிடம் வருகிறார். அவன் புலவரை நேரிற் காணாமலே பரிசிலை அனுப்பிவிடுகிறான். புலவர் அதனை ஏற்கவில்லை. தம்மைக் காணாது தந்த பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் வணிகரல்லர் என்கிறார். தம் தகுதியை அறிந்து தருவதாயின் தினையளவு சிறிதாயினும் இனிது என்கிறார். கொடையின் அளவைவிடக் கொடுப்பவனின் பார்வையே பெரிதென்ற இந்த மானவுணர்வை உரையாசிரியர்களும் பேராசிரியர்களும் பல தலைமுறைகளாக வியந்து போற்றிவந்துள்ளனர்.

போற்றுவதோடு நின்றுவிடலாமா? தட்டிலே காசை எறிந்துவிட்டு, எதிரே நிற்பவனின் முகத்தையும் பாராமல் வெளியேறும் நாம், அதியமான் செய்த பிழையை நாள்தோறும் செய்கிறோம். அதியமானாவது புலவர் வந்திருப்பதை அறிந்திருந்தான்.

ஆயின் இங்கே இலக்கிய மாணவன் கேட்கத் தவறும் ஒரு கேள்வி உண்டு. பெருஞ்சித்திரனாரால் எவ்வாறு மறுக்க முடிந்தது? அவருக்கு வறுமை இருந்தது. அவர் பாடல்களே அதற்குச் சான்று. எனினும் அவருக்குச் செல்வதற்கு வேறு வாயில்கள் இருந்தன, குமணன் இருந்தான். பொகவந்தலாவையிலிருந்து வந்து, கடையின் மேல்மாடியிலே பாயை விரித்துப் படுக்கும் இளைஞனுக்கு எந்தக் குமணன் இருக்கிறான்? மானம் எல்லோருக்கும் உண்டு. மறுக்கும் வலிமைதான் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அவ்வலிமை தனிமனிதனின் குணத்திலிருந்து பிறப்பதென்று நம்புவது கற்பனாவாதம். அது சம்பளத்திலிருந்தும் சங்கத்திலிருந்தும் பிறக்கிறது.

இதற்கு வரலாறு சான்று பகர்கிறது. 1917ஆம் ஆண்டு ரஷ்யப் புரட்சியை நேரிற் கண்டெழுதிய ஜோன் றீட், 1919இல் வெளிவந்த தமது நூலிலே பெத்ரோகிராட் உணவுச்சாலைகளைப் பற்றிக் கூறுகிறார். பரிமாறும் தொழிலாளர் சங்கமாகச் சேர்ந்தனர். டிப்ஸ் வாங்க மறுத்தனர். மேசையிற் பரிமாறிப் பிழைப்பவன் என்பதற்காக ஒருவனுக்குக் காசு நீட்டி அவமதிக்கவேண்டாம் என்ற பொருள்பட அறிவித்தல்களைச் சுவரிலே தொங்கவிட்டனர். புறநானூற்றுப் புலவன் தனித்து நின்று சொன்னதை அவர்கள் கூடிநின்று சொன்னார்கள்.

ஜோர்ஜ் ஓர்வெலின் இரு நூல்களை ஒப்புநோக்கினால் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். பாரிஸ் ஹோட்டலொன்றிற் பாத்திரம் கழுவிய அநுபவத்தை 1933இல் வெளிவந்த நூலிலே அவர் எழுதினார். பரிமாறுபவர்மீது அந்நூல் இரக்கமற்ற தீர்ப்பொன்றை வழங்குகிறது. செல்வர்களின் அருகே நின்று நின்று, அவர்களைப்போலவே எண்ணப் பழகி, தாமும் ஒருநாள் செல்வராகலாமென்று கனவு காண்பவர்கள் என்கிறது. 1938இல் வெளிவந்த ஸ்பானிய நூலிலோ வேறொரு காட்சியைக் காண்கிறோம். 1936 இறுதியிலே பார்சலோனா நகரில் பரிமாறுபவர்கள் உண்பவரை நேருக்குநேர் பார்த்துச் சமமானவராக நடத்தினர். டிப்ஸ் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. மின்தூக்கிப் பையனுக்குக் காசு கொடுக்க முயன்ற ஓர்வெல் விடுதி மனேஜரிடம் உபதேசம் கேட்க நேர்ந்தது. சில மாதங்களின்பின் அதே நகரத்துக்கு மீண்டபோது கஞ்சிபோட்ட சட்டைகளும் பழைய குழைவும் திரும்பியிருந்தன. நகரம் அதுவே, தொழிலும் அதுவே. மாறியது அதிகாரம் இருந்த இடம். முதல் நூலிலே பரிமாறுபவனின் குணமென்று ஓர்வெல் கண்டது அவனது நிலைமையின் விளைவென்பதை அவரது பிந்திய நூலே காட்டிவிடுகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, கந்தோர் ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என வேலைநேரத்தை வரையறுத்தது. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் மாதத்துக்கு 10,000 ரூபா என்று அடித்தளம் இட்டது. 2024இல் அது 17,500 ரூபாவாகவும், 2025இல் 27,000 ரூபாவாகவும் உயர்ந்தது. 2026 ஜனவரி தொடக்கம் 30,000 ரூபா. சட்டம் இவ்வளவு பேசும்போது, காலை ஐந்து மணிக்கு வந்தவன் மதியம் இரண்டு மணிக்கும் தனியொருவனாகப் பன்னிரண்டு மேசைகளுக்கிடையே ஓடுவதேன்? இரண்டாம் ஆளின் சம்பளத்தை ஒருவர் மிச்சம் பிடித்திருக்கிறார். அந்த மிச்சத்தின் விலைதான் நாம் காத்திருந்த இருபது நிமிடம்; சீனி போட்ட தேநீரும் அதுவே. குற்றம் பணப்பெட்டிக்குப் பின்னே அமர்ந்திருக்க, தண்டனை தட்டேந்தியவனுக்குச் செல்கிறது.

டிப்ஸ் என்னும் ஏற்பாட்டின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. உண்பவனை ஒரு மணி நேர முதலாளியாக்கி, உண்மையான முதலாளியை அது மறைத்துவிடுகிறது. அமெரிக்காவிலே இம்முறை முற்றி முதிர்ந்துள்ளது. டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு முதலாளி கொடுக்கவேண்டிய கூலி, நடுவணரசுச் சட்டப்படி மணிக்கு 2.13 டொலர். 1991ஆம் ஆண்டிலிருந்து இத்தொகை உயரவில்லை. எஞ்சியதை உண்பவனின் சந்தோசம் நிரப்பவேண்டும். முன்னர் அந்நாட்டின் புல்மன் புகையிரதப் பெட்டிகளில் அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களைச் சொற்ப கூலிக்கு அமர்த்தி, மீதியைப் பயணிகளின் கையிலிருந்து பெற விட்டனர். 1925இலே அத்தொழிலாளர் ஃபிலிப் ராண்டொல்ஃப் தலைமையிற் சங்கம் கண்டு, பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937இல் கம்பனியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர்.

"அப்படியானால் கவனக்குறைவுக்கும் மரியாதைக்குறைவுக்கும் வாய்மூடி இருக்கவேண்டுமா?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. உழைப்பாளி என்பதனால் ஒருவன் பிழையே செய்யமாட்டான் என்பது நம் வாதமன்று. சிடுசிடுப்பவரும், சட்டைத்துணியைப் பார்த்து மேசைக்கு வருபவரும் உளர். பிழையை அவரிடமே, பிறர் கேளாவண்ணம், சமமான மனிதனுக்குச் சொல்வதுபோலச் சொல்லலாம். திருத்தித் தருமாறு கேட்பது உண்பவரின் உரிமை. ஆளில்லாமையாலும் ஓய்வின்மையாலும் வந்த குறையாயின் முதலாளியிடமே கூறவேண்டும். "இந்தப் பையனை விலக்குங்கள்" என்றல்ல, "இன்னொருவரை அமர்த்துங்கள்" என்று கூறவேண்டும். இவ்வாறு கூறுவதற்கு நூறு ரூபாவை எடுத்துவைப்பதைவிடச் சற்றுத் துணிவு வேண்டும். அதனாலேதான் நாம் பெரும்பாலும் நூறு ரூபாவை எடுத்துவைத்துவிடுகிறோம்.

"டிப்ஸ் கொடுப்பதே இழிவென்றால் நாளையிலிருந்து நிறுத்திவிடலாமே" என்பாரும் உண்டு. கொள்கையின் பெயரால் வரும் இந்தக் கஞ்சத்தனத்தையும் நாம் ஏற்பதற்கில்லை. சம்பளம் போதாதிருக்கும்வரை அந்தக் காசு அவன் வீட்டு அடுப்புக்குச் செல்கிறது. ஆகவே கொடுப்போம்; உபசரணைக்கு இடும் புள்ளியாகவன்றி, குறைத்துக் கொடுக்கப்பட்ட கூலியின் ஒரு பகுதியாகக் கருதிக் கொடுப்போம். தேநீரில் சீனி கூடிய நாளிலும் கொடுப்போம். அத்துடன், பில்லிலே அச்சிட்டு அறவிடும் பத்து வீதம் யாருக்குச் செல்கிறதென்று கேட்போம். பிரித்தானியாவில் 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2024 ஒக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்த சட்டம், டிப்ஸையும் சேவைக் கட்டணத்தையும் குறைக்காமல் தொழிலாளருக்கே பகிர்ந்தளிக்கவேண்டுமென விதிக்கிறது. டிப்ஸ் எவ்வளவு கிடைப்பினும் அடிப்படை ஊதியம் ஒழுங்காகக் கொடுக்கப்படவேண்டுமென்று சர்வதேசத் தொழில் தாபனத்தின் 172ஆம் இலக்கச் சமவாயம் 1991ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. இங்கே கேட்பவர் இல்லாமையே பெருங்குறை.

சாப்பாட்டுக்கடையின் நியதிகளை மாற்ற முடியாதென்று சோர்வுறத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளிலே ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வேறு பாத்திரத்தில் தேநீர் வார்த்த காலம் ஒன்றிருந்தது. 1957இலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும் அவ்வழக்கம் ஒழியவில்லை. 1968இல் மக்கள் அணிதிரண்டு கடைகளுக்குள் நுழைந்து சம ஆசனமும் சம பாத்திரமும் கோரியபோதே அது தகரத் தொடங்கியது. அங்கே எழுந்த பிரச்சினை வேறு. ஆயினும் கடை என்பது முதலாளியின் வீட்டு விறாந்தையன்று, சமுதாயத்தின் நீதி செல்லவேண்டிய இடம் என்பதை அப்போராட்டம் நிறுவிற்று.

நாம் உணவருந்திய கடைக்கு அருகே மாடிகளாக உயர்ந்து நிற்கும் ஹெவ்லொக் சிற்றி, வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்த நிலத்திலே எழுந்தது. 1933இலே அந்த ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் அவர்களோடு நின்றனர். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றுவதற்கு அத்தகைய போராட்டங்களே களம் அமைத்தன. நூல் நூற்றவர்கள் ஒரே கூரையின்கீழ் ஆயிரக்கணக்கிலே நின்றார்கள், ஒருவரையொருவர் அறிந்தார்கள். பரிமாறுபவர்களோ கடைக்கு இருவர் மூவராகச் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களை ஒன்றுசேர விடாத சுவர்களுள் ஒன்று, மேசைக்கு மேசை வேறுபடும் நம் சந்தோசம்.

மறுநாளும் அக்கடைக்கே சென்றோம். நண்பர் இளைஞனின் பெயரைக் கேட்டறிந்து, அப்பெயரைச் சொல்லித் தேநீர் கேட்டார். பின்னர் பணப்பெட்டியருகே சென்று, "ஐயா, இன்னொரு ஆளைப் போடுங்கள், ஒருவரால் ஏலாது" என்றார். முதலாளி சிரித்துவிட்டு, "ஆள் கிடைக்குதில்லை, மாஸ்ரர்" என்றார். என்ன சம்பளம் கொடுப்பதாகச் சொல்லி ஆள் தேடினீர்கள் என்று நண்பர் கேட்டார். அதற்கு மறுமொழி இல்லை. விடைத்தாள் திருத்தும் பணி முடியும்வரை நாள்தோறும் அதே கேள்வியைக் கேட்டுவந்தோம். அக்கடையிலே உண்ணும் ஒவ்வோர் ஆசிரியரும் மாணவரும் அதனைக் கேட்கத் தொடங்கினால் எத்தனை நாளைக்கு அவர் சிரித்துக்கொண்டிருப்பார்?