லாசருவின் புண்களும் நாய்களும்

லூக்கா 16:21-ஐ விளக்கும் அருளுரைகளில், ஐசுவரியவான் காட்டாத இரக்கத்தை நாய்கள் காட்டின, அவற்றின் உமிழ்நீர் லாசருவின் புண்களை ஆற்றிற்று என்னும் வியாக்கியானத்தை அடிக்கடி கேட்கிறோம். உள்ளத்தைத் தொடும் இவ்விளக்கம் ஏற்கத்தக்கதன்று.

கிரேக்க நாட்டு எப்பிதவுருவின் அஸ்கிலேப்பியு கோயிற் கல்வெட்டுகள், நாய் நக்கி நலமடைந்தோரைக் கூறுவது மெய்யே. நாயின் உமிழ்நீர் சில நோய்க்கிருமிகளைக் கொல்லுமென 1990-இல் வெளியான ஆய்வொன்றும் காட்டிற்று. ஆயினும் வெறிநோய் பரவுவதும் அதே உமிழ்நீராலேயே. திறந்த புண்ணை வெறிநாய் நக்குவதை, ஆழ்ந்த கடிக்கு ஒப்பாகவே உலக சுகாதார நிறுவனம் எண்ணுகிறது. உடனே 15 நிமிடம் சோப்பிட்டுக் கழுவுதலும், தடுப்பூசியும், எதிர்ப்புப் புரதமும் அதற்குரிய சிகிச்சையாம்.

உவமையின் போக்கும் இவ்விளக்கத்திற்கு இசையவில்லை. பசி, புண், அதற்குமேல் நாய்கள் எனத் துன்பமே அடுக்கப்படுகிறது. யூதருக்கு நாய் அசுத்தமான பிராணி. அதைத் துரத்தவும் லாசருவுக்கு வலுவில்லை. புண் ஆறியதென்று லூக்கா கூறவில்லை. அவன் மரித்தான் என்றே கூறுகிறார்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் புண்பட்ட காலுடன் அமர்ந்திருப்போர் அருகே நாய்களும் படுத்திருக்கின்றன. நாய்களை மருத்துவராக்கும் அருளுரை, அவ்வழியே கடந்து செல்லும் நமக்கே வசதியானது. அப்புண்ணைக் கழுவும் கடன் நம்முடையதன்றோ?